வளைவை வெட்டிய கால்வாய்: மிசிசிப்பி ஆறு இடம்பெயர்ந்த வரலாறு

ஆறு என்னும் சொல்லுக்கு வழி என்னும் பொருளும் உண்டென்பதை ஆற்றுப்படை நூல்களைப் பயின்ற அன்பர்கள் நன்கறிவர். வழி என்றால் அது ஓரிடத்தில் நிலைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது மனித இயல்பு. நேற்றிருந்த இடத்திலேயே இன்றும் இருந்தால்தான் அதனருகே வீடு கட்டலாம், சந்தை கூட்டலாம், எல்லைக்கல் நடலாம். ஆனால், சமவெளியில் ஓடும் பேராறு அவ்வாறு நிலைத்திருக்கும் வழியன்று. அது ஓடிக்கொண்டே தன் வழியையும் நகர்த்திக்கொண்டு செல்கிறது. அந்த நகர்வைப் பொறுக்காத மனிதர் அதற்கு நேர்வழி காட்ட முற்பட்டபோது என்ன நிகழ்ந்தது என்பதை வட அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றைக் கொண்டு இக்கட்டுரையில் காண்போம். 1831-ஆம் ஆண்டு வெட்டப்பட்ட ஒரு சிறு கால்வாய்தான் இவ்வரலாற்றின் மையம். அதற்குரிய விலையை இன்றளவும் ஒரு நாடு செலுத்தி வருகிறது.

ஆறு வளைந்து நெளிந்து ஓடுவதைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் 'மியாண்டர்' என்னும் சொல், ஓர் ஆற்றின் பெயரிலிருந்து பிறந்தது. இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் ஓடும் அவ்வாற்றைப் பண்டைக் கிரேக்கர் மயாண்ட்ரோஸ் என்றழைத்தனர். அது கடலைச் சேரும் வளைகுடாவின் கரையில் மிலேட்டஸ் என்னும் துறைமுக நகரம் செழித்திருந்தது. நீரே அனைத்திற்கும் மூலம் என்றுரைத்த தத்துவஞானி தேலீஸ் பிறந்த ஊர் அது. கி.மு. 494-இல் பாரசீகருக்கும் அயோனியக் கிரேக்கருக்கும் இடையே பெருங்கடற்போர் நிகழ்ந்த லாடே தீவு அந்நகரத்தின் எதிரே கடலுக்குள் இருந்தது. பின்வந்த நூற்றாண்டுகளில் ஆறு கொணர்ந்த வண்டல் அவ்வளைகுடாவைத் தூர்த்துவிட்டது. இன்று மிலேட்டஸின் இடிபாடுகள் கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே கிடக்கின்றன. கப்பல்கள் மோதிய லாடே, சமவெளியின் நடுவே ஒரு மேடாக நிற்கிறது.

மயாண்ட்ரோஸ் பல நூற்றாண்டுகளாக மெல்லச் செய்ததை மிசிசிப்பி ஒரு மனிதனின் வாழ்நாளுக்குள் செய்து காட்டியது. ஆகவேதான் அதன் வரலாறு இவ்வளவு தெளிவாக ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. அவ்வரலாற்றுக்குள் புகுமுன், ஆறு ஏன் வளைகிறது, வளைந்தபின் ஏன் நகர்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவது நலம்.

வளைவின் இலக்கணம்

ஆற்றின் போக்கில் எக்காரணத்தாலோ சிறு வளைவொன்று தோன்றிவிட்டதாகக் கொள்வோம். நீர் வளைவில் திரும்பும்போது அதன் வேகம் வெளிப்புறக் கரையை நோக்கித் தள்ளுகிறது. வெளிக்கரையோரம் நீர்மட்டம் சற்றே உயர்கிறது. மேற்பரப்பு நீர் வெளிக்கரையை நோக்கிச் செல்ல, அடிநீர் உட்கரையை நோக்கித் திரும்புகிறது. இவ்வாறு திருகு போலச் சுழன்றோடும் நீர், வெளிக்கரையை அரித்து, உட்கரையில் மணலைச் சேர்க்கிறது. தேநீர்க் கோப்பையைக் கலக்கியபின் தேயிலைத் துகள்கள் ஓரத்தில் ஒதுங்காமல் நடுவில் வந்து குவிவதும் இதே காரணத்தால்தான். இவ்வொப்புமையைக் கொண்டு ஆற்று வளைவுகளை விளக்கி 1926-இல் ஒரு சிறு கட்டுரை வரைந்தவர் வேறு யாருமல்லர், ஆல்பர்ட் ஐன்ஸ்டீன். அவருக்கு ஐம்பதாண்டு முன்னரே, 1876-இல், ஜேம்ஸ் தாம்சன் என்னும் பொறியியலறிஞர் ஏறத்தாழ இதே விளக்கத்தை அளித்திருந்தார்.

வெளிக்கரை இடிய இடிய, உட்கரையில் மணல் திட்டு வளர வளர, வளைவு மேலும் மேலும் புடைத்துக்கொண்டே போகிறது. கூடவே முழு வளைவும் மெல்லக் கீழ்நோக்கி நகர்கிறது. காலப்போக்கில் வளைவு ஒரு பானை வடிவத்தை எய்துகிறது. பானையின் கழுத்துப் போன்ற குறுகிய நிலப்பகுதியின் இருபுறமும் ஒரே ஆறு எதிரெதிர்த் திசைகளில் ஓடுகிறது. பெருவெள்ளம் ஒன்று வரும்போது ஆறு அக்கழுத்தை அறுத்துக்கொண்டு நேரே பாய்கிறது. கைவிடப்பட்ட வளைவின் இரு வாய்களையும் வண்டல் அடைத்துவிட, அது பிறை வடிவ ஏரியாகத் தனித்துவிடுகிறது. நம் பள்ளிப் பாடநூல்கள் இதனைக் குருட்டு ஆறு என்றும், குதிரைக் குளம்பு ஏரி என்றும் கூறுகின்றன. செல்லும் வழி அடைபட்டுப்போன ஆற்றுக்குக் குருட்டு ஆறு என்பது எத்துணைப் பொருத்தமான பெயர்!

இங்கே ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். கழுத்து அறுபட்டதும் ஆற்றின் நீளம் குறைகிறது. அதே உயரத்தைக் குறைந்த தொலைவில் இறங்க வேண்டியிருப்பதால் சரிவு கூடுகிறது, வேகம் மிகுகிறது. வேகம் மிகுந்த நீர் அருகிலுள்ள கரைகளை முன்னிலும் வன்மையாக அரிக்கிறது. புதிய வளைவுகள் பிறக்கின்றன. ஓரிடத்தில் இழந்த நீளத்தை ஆறு பிறிதோரிடத்தில் மீட்டுக்கொள்கிறது. ஓர் ஆற்றை ஓரிடத்தில் தொட்டால், அதன் விளைவு தொட்ட இடத்தோடு நிற்பதில்லை.

மிசிசிப்பியில் நீராவிப் படகோட்டியாகப் பணியாற்றி, பின்னர் எழுத்தாளராகப் புகழ்பெற்ற மார்க் ட்வெய்ன், 1883-இல் வெளியான தம் மிசிசிப்பி நூலில் ஆறு இவ்வாறு குறுகுவதை வைத்து அருமையானதொரு கேலிக் கணக்குப் போட்டார். இதே வேகத்தில் குறுகிக்கொண்டே போனால் ஒருநாள் ஆற்றின் இரு கோடிகளிலும் உள்ள ஊர்கள் ஒன்றாகிவிடும் என்பது அக்கணக்கின் விடை. கணக்கில் அவர் வேண்டுமென்றே விட்டுவிட்டது, ஆறு மீட்டுக்கொள்ளும் நீளத்தைத்தான்.

இரண்டு ஊர்கள்

ஆறு நகர்ந்தால் கரையிலிருக்கும் ஊருக்கு என்ன நேரும்? இரண்டு ஊர்களின் கதையைச் சொன்னால் போதும்.

முதலாவது கஸ்காஸ்கியா. 1703-இல் பிரெஞ்சுக்காரர் நிறுவிய இவ்வூர், மிசிசிப்பிக்குக் கிழக்கே, அதன் கிளையாறான கஸ்காஸ்கியா ஆற்றின் கரையில் அமைந்திருந்தது. சுற்றிலும் வளமான வண்டல் நிலம். பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் கொடையாக ஓர் ஆலயமணி இங்கு வந்து சேர்ந்தது. 1818-இல் இல்லினாய் தனி மாநிலமானபோது அதன் முதல் தலைநகராக விளங்கியதும் இவ்வூரே. 1820-இல் தலைநகர் வாண்டேலியாவுக்கு மாறிய பின்னும் ஊர் நிலைத்திருந்தது. 1881-ஆம் ஆண்டு வசந்தகால வெள்ளத்தில் மிசிசிப்பி இடையிலிருந்த குறுகிய நிலத்தை அறுத்துக்கொண்டு கஸ்காஸ்கியா ஆற்றின் படுகைக்குள் பாய்ந்தது. சிற்றாறு ஓடிய தடத்தில் பேராறு ஓடத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் தெருத்தெருவாகப் பழைய ஊர் ஆற்றுக்குள் சரிந்தது. இடுகாட்டில் துயின்றிருந்த ஆயிரக்கணக்கானோரின் எச்சங்களைத் தோண்டியெடுத்துக் கிழக்கேயுள்ள குன்றொன்றில் மீண்டும் அடக்கம் செய்தனர்.

எஞ்சிய நிலம் இப்போது மிசிசிப்பிக்கு மேற்கே இருக்கிறது. சட்டப்படி அது இல்லினாய் மாநிலத்துக்குரியது. ஆனால் தரைவழியே அங்குச் செல்ல வேண்டுமாயின் அண்டை மாநிலமான மிசௌரியின் வழியாகத்தான் செல்ல வேண்டும். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அவ்வூரின் மக்கள்தொகை 21. ஆறு எல்லையாக இருக்குமிடங்களில் அமெரிக்க நீதிமன்றங்கள் பின்பற்றும் நெறியையும் இங்கே குறிப்பிட வேண்டும். கரை சிறிது சிறிதாக அரிபட்டு ஆறு நகர்ந்தால் எல்லையும் ஆற்றோடு நகரும். ஆறு திடீரெனத் தாவிப் புதுவழி கண்டால் எல்லை பழைய தடத்திலேயே நின்றுவிடும். மிசௌரி ஆற்றின் தாவலொன்றால் எழுந்த நெப்ராஸ்கா, அயோவா மாநிலங்களின் வழக்கில் 1892-இல் உச்சநீதிமன்றம் இந்நெறியை உறுதிசெய்தது. அமெரிக்க வரைபடத்தில் ஆற்றின் மறுகரையில் அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் மாநிலத் துண்டுகள் யாவும் ஆறு முன்பு ஓடிய தடத்தின் சாட்சிகள்.

இரண்டாவது ஊர் விக்ஸ்பர்க். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்னவர் வசமிருந்த வலிமைமிக்க கோட்டை நகரம். ஆற்றின் கூர்மையான வளைவொன்றின் மேல் உயர்ந்த மேட்டில் நின்றதால், கீழே செல்லும் எந்தக் கப்பலையும் அதன் பீரங்கிகள் விடுவதாயில்லை. ஆகவே வடவர் படை, ஊருக்கு எதிரேயுள்ள டிசோட்டோ முனையின் குறுக்கே கால்வாய் வெட்டி ஆற்றையே திருப்பிவிட முயன்றது. 1862-இல் தொடங்கி, 1863-இன் தொடக்கத்தில் தளபதி கிராண்ட்டின் கீழும் இப்பணி தொடர்ந்தது. படைவீரரும் அடிமைத்தளையிலிருந்த கறுப்பின மக்களும் சேற்றில் நின்று வெட்டினர். நோயால் பலர் மாண்டனர். ஆறு இணங்கவில்லை. கால்வாய் கைவிடப்பட்டது. கிராண்ட் வேறு வழியில் ஊரை முற்றுகையிட்டு 1863 ஜூலை 4 அன்று கைப்பற்றினார்.

பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1876 ஏப்ரல் 26 அன்று மிசிசிப்பி தானாகவே அம்முனையை அறுத்துக்கொண்டு பாய்ந்தது. ஒரு படை செய்ய முடியாததை ஆறு யாரும் கேளாமலே செய்து முடித்தது. போர்க்காலத்தில் நிகழ்ந்திருந்தால் வரலாறே மாறியிருக்கக்கூடிய அச்செயல், அமைதிக்காலத்தில் ஒரு வணிக நகரின் பிழைப்பைத்தான் மாற்றியது. துறைமுகத்திலிருந்து ஆறு விலகிப்போனது. பின்னர் யாசூ என்னும் கிளையாற்றைத் திருப்பிவிட்டு 1903-இல்தான் ஊருக்கு மீண்டும் நீர்வழி கிடைத்தது.

கேப்டன் ஷ்ரீவ் வெட்டிய வழி

இவ்விரண்டிடங்களிலும் ஆறு தன் விருப்பப்படி நகர்ந்தது. இனி மனிதர் நகர்த்திய இடத்துக்கு வருவோம்.

லூசியானா மாநிலத்தில், பேட்டன் ரூஜ் நகருக்கு வடக்கே, மேற்கு நோக்கிப் புடைத்த பெருவளைவு ஒன்று மிசிசிப்பியில் இருந்தது. டர்ன்புல் வளைவு என்பது அதன் பெயர். அது மேற்கே நகர்ந்து நகர்ந்து, வடமேற்கிலிருந்து வரும் ரெட் ஆற்றை ஒரு காலத்தில் தொட்டுவிட்டது. அதன்பின் ரெட் ஆறு வளைவின் மேற்பகுதியில் வந்து கலந்தது. வளைவின் கீழ்ப்பகுதியிலிருந்து அச்சாஃபலாயா என்னும் மற்றோர் ஆறு பிரிந்து தெற்கே கடலுக்குச் சென்றது. சொக்டா பழங்குடியினரின் மொழியில் இப்பெயருக்கு நீண்ட ஆறு என்பது பொருள். ஆனால் அதன் தலைப்பில் பல மைல் தொலைவுக்கு வெள்ளத்தில் அடித்துவரப்பட்ட மரங்கள் குவிந்து அடைத்துக்கொண்டிருந்தன. ஆகையால் அதற்குள் சென்ற நீர் சிறிதளவே. ஆற்றின் மேல் கால் நனையாமல் நடந்து கடக்கலாம் என்னும் அளவுக்கு அம்மரக்குவியல் இறுகியிருந்தது.

அக்காலம் நீராவிப் படகுகளின் காலம். மேற்குப் பகுதி ஆறுகளைச் சீர்செய்யும் பொறுப்பு ஹென்றி மில்லர் ஷ்ரீவ் என்னும் படகுத் தலைவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஆற்றில் மூழ்கிக் கிடந்து படகுகளைக் கிழிக்கும் மரங்களைப் பிடுங்கியெறியத் தனிவகைப் படகொன்றை வடிவமைத்த திறமைசாலி அவர். ஷ்ரீவ்போர்ட் நகரம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. டர்ன்புல் வளைவைச் சுற்றிச் செல்லப் படகுகளுக்குப் பல மைல் வீணாயிற்று. வளைவின் கழுத்தோ மிகக் குறுகியது. 1831-இல் ஷ்ரீவ் அக்கழுத்தில் ஒரு கால்வாய் வெட்டினார். எஞ்சிய வேலையை ஆறே பார்த்துக்கொண்டது. விரைவிலேயே மிசிசிப்பி முழுவதும் புதுவழியில் பாயலாயிற்று. படகோட்டிகள் மகிழ்ந்தனர். குறைகூற யாருக்கும் காரணமிருக்கவில்லை.

கைவிடப்பட்ட வளைவின் மேற்பாதி, விதிப்படி, வண்டலால் தூர்ந்தது. கீழ்ப்பாதி தூரவில்லை. ரெட் ஆற்றின் நீர் அதன் வழியே வந்துகொண்டிருந்ததால் அது உயிரோடிருந்தது. பழைய ஆறு என்று பெயர் பெற்ற இத்துண்டு, மிசிசிப்பியையும் அச்சாஃபலாயாவையும் இணைக்கும் பாலமாக எஞ்சியது. எந்தப் பக்கம் நீர்மட்டம் உயர்ந்திருக்கிறதோ அதற்கேற்ப அதில் நீர் இருதிசையிலும் ஓடிற்று.

அடுத்த அடியை எடுத்து வைத்தவர்கள் அவ்வட்டார மக்கள். அச்சாஃபலாயாவை அடைத்துக்கொண்டிருந்த மரக்குவியலை நீக்கினால் தங்களுக்கும் படகுப் போக்குவரத்து வருமே என்றெண்ணி, 1839-இல் நீர் வற்றியிருந்த வேளையில் அதற்குத் தீ வைத்தனர். பின்னர் மாநில அரசும் இப்பணியில் இறங்கியது. ஏறத்தாழ இருபதாண்டுகளில் தடை முற்றும் நீங்கியது. திறந்த வழியில் நீர் பாய்ந்தது. பாய்ந்த நீர் படுகையை ஆழமாக்கியது. ஆழமான படுகை மேலும் நீரை இழுத்தது. இதில் ஒரு கணக்கு ஒளிந்திருந்தது. அவ்விடத்திலிருந்து மிசிசிப்பி வழியாகக் கடலுக்கு 300 மைலுக்கு மேல். அச்சாஃபலாயா வழியாகச் சுமார் 140 மைல். பாதித் தொலைவில் கடல் கிட்டுமென்றால் நீர் எவ்வழியை நாடும் என்று சொல்லவும் வேண்டுமா?

1900-ஆம் ஆண்டளவில் நீரில் சுமார் 13 விழுக்காடு அச்சாஃபலாயாவின் வழியே சென்றது. 1950 அளவில் அது 30 விழுக்காடாயிற்று.

கரை, கால்வாய், மதகு

இதற்கிடையே பிற இடங்களிலும் மிசிசிப்பியை நெறிப்படுத்தும் முயற்சிகள் நடந்துகொண்டிருந்தன. 1879-இல் மிசிசிப்பி ஆற்று ஆணையம் அமைக்கப்பட்டது. உயர்ந்த கரைகளை எழுப்பி ஆற்றை உள்ளே அடக்கிவிட்டால், அது தன் படுகையைத் தானே ஆழப்படுத்திக்கொள்ளும் என்று பொறியாளர் நம்பினர். 1927-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அந்நம்பிக்கையைக் கரைகளோடு சேர்த்து உடைத்தது. சுமார் 27,000 சதுர மைல் நிலம் நீரில் மூழ்கியது. ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். அவர்களில் பெரும்பகுதியினர் ஏழைக் கறுப்பின உழவர்கள்.

அதன்பின் கொள்கை மாறியது. அதுவரை வளைவுகள் அறுபடாமல் காப்பதே நெறியாக இருந்தது. இப்போது வெள்ளம் விரைந்து வடிய வேண்டுமென்று வளைவுகளை வெட்டத் தொடங்கினர். 1942-க்குள் இவ்வாறு 16 இடங்களில் கழுத்துகள் அறுபட்டு, ஆற்றின் நீளம் சுமார் 150 மைல் குறைந்தது. ஷ்ரீவ் ஓரிடத்தில் செய்ததை அமெரிக்க இராணுவப் பொறியாளர் படை பதினாறிடங்களில் செய்தது என்று கூறலாம். நாம் முன்பு கண்டபடி, குறுகிய ஆறு புதிய வளைவுகளை உண்டாக்க முயலும். அதனைத் தடுக்க வெளிக்கரைகளின் மேல் கான்கிரீட் பலகைகளைக் கம்பியால் பின்னிய பாய்களை விரித்தனர். கீழ் மிசிசிப்பி அன்றுபோல் இன்று நகர்வதில்லை, நகர விடப்படவில்லை.

நகர முடியாமற்போன அந்த ஆற்றின் பழைய நடமாட்டத்தை வரைந்து காட்டியவர் ஹெரால்டு ஃபிஸ்க். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் புவியியலாளரான இவர், வானிலிருந்து எடுத்த ஒளிப்படங்களையும் நிலத்தில் துளையிட்டெடுத்த மண்மாதிரிகளையும் ஆராய்ந்து, 1944-இல் பொறியாளர் படைக்குப் பேரறிக்கை ஒன்றை அளித்தார். ஆறு வெவ்வேறு காலங்களில் ஓடிய தடங்களை வெவ்வேறு வண்ணங்களில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தீட்டிய அதன் வரைபடங்களைப் பார்ப்போர், பலவண்ண நூல்கள் சிக்கிக் கிடப்பதாகவே எண்ணுவர். இன்று நாம் மிசிசிப்பி என்று காட்டும் கோடு அச்சிக்கலில் ஒரு நூல் மட்டுமே.

அதே ஃபிஸ்க் 1950-களின் தொடக்கத்தில் அச்சாஃபலாயாவைப் பற்றி ஆராய்ந்து ஓர் எச்சரிக்கை விடுத்தார். தடுக்காவிட்டால் 1965-க்கும் 1975-க்கும் இடையே நிலைமை மீள முடியாத கட்டத்தை எட்டிவிடும், மிசிசிப்பி அச்சாஃபலாயாவின் வழியே கடலை அடையும் என்பதே அது. புவியியல் நோக்கில் இதில் வியப்பதற்கொன்றுமில்லை. கடந்த ஏழாயிரம் ஆண்டுகளில் மிசிசிப்பி, சுமார் ஆயிரமாண்டுக்கொருமுறை கடலை அடையும் வழியை மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. லூசியானாவின் தென்பகுதி முழுவதும் அவ்வாறு பிறந்ததே. ஆனால் இம்முறை பழைய வழியின் கரையில் நியூ ஆர்லியன்ஸ் இருந்தது, பேட்டன் ரூஜ் இருந்தது, இரண்டுக்குமிடையே எண்ணெய் ஆலைகளும் வேதித் தொழிற்சாலைகளும் வரிசையாக நின்றன. ஆறு விலகினால் கடல்நீர் உள்ளே ஏறிக் குடிநீரும் கெடும். புதுவழியின் கரையிலோ மார்கன் சிட்டி போன்ற ஊர்கள் முழுப் பேராற்றைத் தாங்க வேண்டியிருக்கும்.

1954-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதற்கொரு திட்டத்தை ஏற்றது. 1963-இல் பழைய ஆற்றின் வாய் அணையிட்டு மூடப்பட்டது. அருகே புதுக்கால்வாய் வெட்டி, 11 மதகுகள் கொண்ட கட்டுமானம் ஒன்றை நிறுவினர். மிசிசிப்பியும் ரெட் ஆறும் சேர்ந்து கொணரும் நீரில் 30 விழுக்காடு அச்சாஃபலாயாவுக்கு, 70 விழுக்காடு மிசிசிப்பிக்கு என்பது ஏற்பாடு. 1950-ஆம் ஆண்டளவில் இருந்த பங்கீடு அப்படியே நிறுத்திவைக்கப்பட்டது. ஓடும் ஆற்றில் ஒரு கணத்தைப் பிடித்து, இனி எப்போதும் இதுவே என்று சட்டமாக்கியதற்கு இதனினும் தெளிந்த சான்று கிடைப்பதரிது.

பத்தாண்டுகளில் ஆறு அச்சட்டத்தைச் சோதித்தது. 1973-ஆம் ஆண்டு வெள்ளத்தில் அக்கட்டுமானம் அதிரத் தொடங்கியது. நீரை வழிநடத்தும் பக்கச் சுவரொன்று இடிந்து விழுந்தது. அடித்தளத்தின் கீழே நீர் மண்ணை அரித்துப் பெருங்குழி பறித்திருந்தது. பாறைகளைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டி அதனைக் காப்பாற்றினர். அது சரிந்திருந்தால் ஃபிஸ்க் குறித்த காலத்துக்குள்ளேயே அவர் சொன்னது நிகழ்ந்திருக்கும். பின்னர் 1986-இல் அதற்குத் துணையாக மற்றொரு கட்டுமானம் எழுப்பப்பட்டது. 2011-இல் மீண்டும் பெருவெள்ளம் வந்தபோது மதகுகள் தாங்கின. எனினும் சற்றுத் தெற்கேயுள்ள மொர்கன்சா வெள்ளப்போக்கியை 1973-க்குப் பின் முதன்முறையாகத் திறக்க வேண்டியதாயிற்று.

காவலின் மற்றொரு விலை கடற்கரையில் தெரிகிறது. கரைகளுக்குள் அடைபட்ட மிசிசிப்பியின் வண்டல் நிலத்தில் பரவாமல் ஆழ்கடலில் விழுகிறது. 1932-க்குப் பிறகு லூசியானா சுமார் 5,000 சதுர கிலோமீட்டர் கடலோர நிலத்தை இழந்துவிட்டது. ஆற்றங்கரைகள் மட்டுமின்றி, எண்ணெய்க்காக வெட்டிய கால்வாய்களும் தாழ்ந்துவரும் நிலமும் உயரும் கடலும் இதற்குக் காரணங்கள். அவ்விழப்புக்கு நடுவே புதுநிலம் வளரும் இடங்கள் சிலவே. அவற்றுள் முதன்மையானது அச்சாஃபலாயாவின் கழிமுகம். 1973 வெள்ளத்துக்குப் பின் அங்கே நீருக்கு மேல் எழுந்த திட்டுகள் இன்று புல்லும் மரமும் பறவையுமாக விளங்குகின்றன. ஆறு எங்கே செல்ல விரும்புகிறதோ அங்கே நிலத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறது.

நமக்குத் தெரிந்த கதை

இதனைப் படிக்கையில் திருச்சிராப்பள்ளிப் பக்கத்து அன்பர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வந்திருக்கும். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே செல்லும் கொள்ளிடம் தாழ்வானது, சரிவு மிக்கது; தெற்கே செல்லும் காவிரிதான் தஞ்சை வயல்களுக்கு நீரூட்டுவது. விட்டுவிட்டால் நீர் கொள்ளிடத்தையே நாடும். திருவரங்கத் தீவின் கீழ்க்கோடியில் காவிரி நீர் கொள்ளிடத்தில் விழுந்துவிடாமல் காப்பது கரிகாலன் பெயரோடு வழங்கும் கல்லணை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரியின் தலைப்பு மணல்மேடிட்டுக் கொள்ளிடத்துக்குச் செல்லும் நீர் பெருகியபோது, ஆர்தர் காட்டன் 1836-இல் முக்கொம்பில் மேலணையைக் கட்டினார். சில ஆண்டுகளிலேயே காவிரிக்குள் அளவுக்கு மிஞ்சி நீர் புகவே, அணையைத் திருத்தவும் வேண்டியிருந்தது. 2018 ஆகஸ்ட் 22 அன்று அம்மேலணையின் ஒன்பது மதகுகளை வெள்ளம் அடித்துச் சென்றதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

இவ்விரு கதைகளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கொள்ளிடத்தின் சரிவு மனிதர் உண்டாக்கியதன்று. அச்சாஃபலாயா வாய் திறந்ததில் மனிதர் கை பெரிது. எனினும் விளைவு ஒன்றே. தாழ்ந்த வழி அருகிலிருக்க, உயர்ந்த வழியில் நீர் செல்ல வேண்டுமென்று மனிதர் முடிவு செய்துவிட்டால், அம்முடிவை ஒவ்வொரு தலைமுறையும் மீண்டும் எடுத்தாக வேண்டும். ஒரு முறை கட்டி முடித்துவிட்டுப் போவதற்குரியதன்று அது.

கேப்டன் ஷ்ரீவ் தீயவரல்லர், அறிவிலியுமல்லர். தம் காலத்துப் படகோட்டிகளுக்குத் தேவையானதை நேர்மையாகச் செய்தவர். டர்ன்புல் வளைவின் கழுத்தை அவர் வெட்டாவிடினும் ஒருநாள் ஆறே வெட்டியிருக்கக்கூடும். மரக்குவியலுக்குத் தீ வைத்தவர்களையும் நாம் பழிக்க இயலாது. ஒவ்வொருவரும் தத்தம் கண்ணுக்கெட்டிய தொலைவில் சரியானதையே செய்தனர். ஆற்றின் கணக்கோ நூற்றாண்டுகளில் நடப்பது. 1831-இல் மிச்சப்பட்ட சில மைல்களுக்கு ஈடாக, நூறாண்டு கழித்துப் பிறந்தவர்கள் கான்கிரீட்டும் பாறையும் கொண்டு இரவும் பகலும் காவல் காக்கின்றனர். அக்காவல் முடிவதற்கென்று ஒரு நாள் குறிக்கப்படவில்லை.

ஆற்றின் வளைவைக் கண்டு, இத்தனை சுற்று எதற்கு என்று நமக்குத் தோன்றுவது இயல்பே. அதற்கான விடை ஃபிஸ்க்கின் வரைபடத்தில் இருக்கிறது. நிலத்தின் சரிவு, நீரின் அளவு, வண்டலின் சுமை ஆகிய மூன்றுக்கும் இடையே ஆறு அன்றன்றைக்குக் கண்டுகொள்ளும் உடன்பாடுதான் அவ்வளைவு. அதை மாற்றவே கூடாதென்று நாம் கூறவில்லை. நகரங்களும் வயல்களும் அம்மாற்றங்களால்தான் வாழ்கின்றன. மாற்றியபின் அவ்வுடன்பாட்டைக் காக்கும் பொறுப்பு ஆற்றிடமிருந்து நம் கைக்கு வந்துவிடுகிறது என்பதை மட்டும் மறவாதிருப்போம்.